பச்சை, சுருண்டது

பம்ப் அறையிலிருந்து அலுமினிய ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்த பிறகுதான் கதவுகளில் ஒட்டியிருந்த தாள்களை அவள் கவனித்தாள். வரிசையாக ஆறு வீடுகள், ஆறு நீலக் கதவுகள், ஆறிலும் ஒரே தாள். பசை காயாமல் ஓரங்களில் வழிந்திருந்தது. மூன்றாவது வீட்டு வாசற்படியில் பம்ப் ஆபரேட்டர் உட்கார்ந்து தீக்குச்சியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். இரவுப் பணி முடித்து வந்தவர். கண் சிவந்திருந்தது.

"என்ன தம்பி, எல்லா வீட்டுலயும் நோட்டீஸ் ஒட்டியிருக்கு?"

"காலி பண்ணணுமாம். பதினஞ்சு நாள் டைம்."

"எதுக்கு?"

"சுவரு ஒழுகுதாம்." அவர் தீக்குச்சியைத் தூக்கி எறிந்தார். "உங்களுக்குத் தெரியாதாக்கா? உங்க காலேஜ் ரிப்போர்ட்டுலதான் அப்படிப் போட்டிருக்காம். நானும் பதினாறு வருஷமா இந்தச் சுவத்துக்கு முதுகக் காட்டித்தான் படுக்குறேன். ஒரு நாள் முதுகு நனைஞ்சதில்ல."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பில்லாத ஒருவர் சொல்வது போலச் சொன்னார். அவள் ஏணியின் முதல் படியில் வைத்த காலை எடுக்காமல் நின்றாள்.

மேலே இருப்பது நகரத்துக்குத் தண்ணீர் விடும் பழைய தொட்டி. அதைத் தாங்கி நிற்பது இந்தச் சுவர். கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, நாலு ஆள் உயரம். இதன் அடியில், பத்தடி தள்ளி, பம்ப் ஊழியர்களின் வீடுகள். சுவரில் நாற்பது கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரம், நாலு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் புள்ளி. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் வந்து ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டத்திலும் என்னென்ன செடி, எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுவாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. கல்லூரியில் தாவரவியல் துறைக்குக் கண்ணாடிக் குடுவைகள் கழுவத்தான் தற்காலிகமாகச் சேர்ந்தாள். ஒரு நாள் துறைப் பேராசிரியை மேடம் வந்து, "உயரம்னா பயமா உனக்கு?" என்று கேட்டார். "எங்க வீட்டு மொட்டை மாடிக்குப் படியே கிடையாது மேடம், ஏணிதான்" என்றாள். அந்த ஒரு பதிலில் சுவர் அவள் தலையில் விழுந்தது. வேலை மட்டும் இன்றுவரை தற்காலிகம்தான். மாணவர்கள் அவளைச் சுவரக்கா என்றார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே.

செடிகளின் நீளமான பெயர்களை மேடம் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் அவற்றைப் பார்த்து எழுதுவாளே தவிர, மனதுக்குள் வேறு பெயர்கள் வைத்திருந்தாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் முதலில் கறை மாதிரி கறுப்பாக ஒன்று படியும். அதன் மேல் பாசி. பாசி தூசியைப் பிடித்துவைக்கும். ஒரு விரற்கடை மண் சேர்வதற்கு மூன்று வருடம் ஆகும். அதற்காகவே காத்திருந்ததுபோல் பொடி இலைச் செடி ஒன்று கும்பலாக வந்து இறங்கும். அதற்கு அவள் வைத்த பெயர் 'கல்யாண வீடு'. கிணற்றடிப் பூண்டு ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும். காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று ஏதாவது ஒரு இடுக்கில் இரண்டு இலையோடு நின்று, நான் பாட்டுக்கு இருக்கிறேன் என்பது போல் முகத்தை வைத்துக்கொள்ளும். அதுதான் உள்ளே வேரை விட்டுக் கல்லைப் பிளப்பது. தண்ணீர் வாரியத்து ஆட்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்து அதை மட்டும் வெட்டிப் போவார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில், கல்லிடுக்குகளில், கை நீளம்கூட இல்லாத ஒரு பெரணி. தண்ணீர் இல்லாவிட்டால் இலைகளை உள்ளங்கை மூடுவது போல் சுருட்டிக்கொண்டு, செத்தது மாதிரி பழுப்பாகக் கிடக்கும். மழை விழுந்த இரண்டாம் நாள் விரித்துக்கொண்டு பச்சையாகும். அவள் அதைச் சோம்பேறி என்பாள். நோட்டில் சோம்பேறிக்கு மட்டும் இரண்டு பத்திகள்: பச்சை, சுருண்டது.

ஏறினாள். ஆபரேட்டர் எழுந்து உள்ளே போய்விட்டார். பதின்மூன்றாம் கட்டம்வரை எண்ணினாள். பதின்மூன்றில் எண்ணியதையே மூன்று தடவை எண்ணினாள். பிறகு இறங்கி, கடைசி வீட்டுக் கதவருகே போய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தாள். கல்லூரித் தாவரவியல் துறையின் அறிக்கையின்படி நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கடும் வறட்சியிலும் சுவரின் பெரணிகள் பசுமை குன்றாமல் இருந்தமையால், சுவரினுள் தொடர்ச்சியான நீர்க்கசிவு இருப்பது தெரியவருகிறது என்றும், எனவே குடியிருப்போரின் பாதுகாப்பு கருதி என்றும் எழுதியிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய கடும் வறட்சி என்ற இடத்தில் அவள் விரலை வைத்தாள். பசை விரலில் ஒட்டியது.

அந்த வறட்சிக் கோடையில்தான் அவள் கணவர் டிப்போவில் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கும்போது விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரி. முதல் திங்கட்கிழமை வந்தபோது, அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த வாரம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. துறையில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஆள் போடுவார்கள், போட்ட ஆளை எடுக்கமாட்டார்கள் என்று பயம். ஒரு மத்தியான நேரம், கை கால் பயிற்சிக்கு ஆள் வந்து அவரை உட்காரவைத்துக்கொண்டிருந்தபோது, தாழ்வாரத்துப் பெஞ்சில் நோட்டைப் பிரித்தாள். முந்தைய வருடத்து அதே மாதப் பக்கத்தை எடுத்தாள். இங்கே இரண்டைக் கூட்டி அங்கே மூன்றைக் குறைத்து, நாற்பது கட்டத்தையும் நிரப்பினாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கை தானாக எழுதியது. அப்படியே ஐந்து மாதம். முந்தைய வருடம் கோடை மழை நன்றாகப் பெய்த வருடம். சோம்பேறி முழுக்கப் பச்சைப் பத்தியில் இருந்தது, இவளும் பச்சையிலேயே எழுதினாள். வார்டுக்குள் ஜன்னல்கள் சாத்தியிருந்தன, குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஊர் எப்படி வறண்டு கிடந்தது என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. ஆறாம் மாதம் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு சுவரைப் பார்க்கப் போனபோது மழை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. சுவர் பச்சைப்பசேல் என்று இருந்தது. சுவரே தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டது என்று அன்று கீழே நின்று அழுதாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நினைத்ததில்லை. நினைக்க நேரமும் இருந்ததில்லை.

துறையில் மேடம் வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் தேய்ந்துபோய்ப் பல வருடம் ஆயிற்று. இந்த வருடக் கடைசியில் ஓய்வு. மேசையில் அந்த அறிக்கை விரித்திருந்தது. வாரியம் சுவர் முழுவதையும் சிமென்ட் வைத்துப் பூசப்போவதாகக் கேள்விப்பட்டு, பூசக்கூடாது என்பதற்காக மேடம் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியது.

"பாத்தியா?" என்றார் மேடம். "சுவரு உயிரோட இருக்கு, அத மூடாதீங்கன்னு எழுதினேன். அந்த இன்ஜினியர் அதையே எடுத்து என் தலையிலயே போடுறான். உள்ள ஈரம் இருக்கிறதாலதான் பச்சையா இருந்துதுன்னு நான் சொன்னா, ஈரம் இருந்தா ஒழுகுதுன்னு அர்த்தம்னு அவன் சொல்றான். ஆறு குடும்பத்தக் கிளப்பிவிட்டுட்டு, மொத்தச் சுவத்தையும் பூசிட்டுத்தான் மறுவேல பாப்பானாம்."

மேடம் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். வரைபடம். மேலும் கீழும் போன கோடுகளுக்கு நடுவே, அந்த ஐந்து மாதம் மட்டும் மேசை விளிம்பு மாதிரி நேராக ஓடிய ஒரு பச்சைக் கோடு. இந்தக் கோட்டைக் கண்டுபிடித்த அன்று மேடம் துறை முழுக்க இனிப்பு கொடுத்தார். அவளும் ஒன்று வாங்கித் தின்றாள்.

"நான் என்ன பொய்யா எழுதினேன்? உள்ளதத்தான் எழுதினேன்" என்றார் மேடம்.

அவள் மேசையிலிருந்த காலி டீ கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் கணவர் ஜன்னலோர நாற்காலியில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் போடப் பழகி நான்கு வருடம் ஆகியும் கடைசிப் பொத்தான் மட்டும் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை. அவள் உதவினால் கத்துவார். அதனால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் துளைக்குள் போனதும், "என்னங்க, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, பெஞ்சு, நோட்டு, கதவில் ஒட்டிய தாள். சொல்லும்போது தன் குரல் யாரிடமோ கடன்வாங்கிய மாதிரி இருந்தது.

"உங்களுக்கு முடியாம இருந்துது. உங்கள விட்டுட்டு எப்படிப் போறது? அதுக்காகத்தான்..."

"எம்மேல போடாத" என்றார் அவர்.

சொற்கள் அவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் வரும். இடையில் உதட்டோரத்தைத் துடைத்துக்கொள்வார். அவள் காத்திருந்தாள்.

"நான் கண்ண மூடிக் கிடந்தேன். எழுதுன்னு சொன்னனா?"

"இல்ல."

"போகாத ஸ்டாப்புக்குப் போனதா... டிரிப் ஷீட்டுல எழுதினா..." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த ஸ்டாப்புல நிக்கிறவன் என்ன ஆவான்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் அசதியாக இருந்தது. இந்த மனிதருக்காக எத்தனை இராத்திரி, எத்தனை பாத்திரம், எத்தனை தடவை தூக்கி உட்காரவைத்திருக்கிறாள். அந்தக் கணக்கில் இந்த ஒன்றை மட்டும் அவர் எடுத்து, இது என்னுடையது இல்லை என்று வெளியே வைத்துவிட்டார். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் காலையில் நேராகச் சுவருக்குப் போனாள். நோட்டு கையில் இல்லை, ஏணியும் எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் பாத்திர மூட்டை இரண்டு கட்டி வைத்திருந்தது. ஆபரேட்டர் கட்டில் காலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து துணிகளைக் கொண்டுவந்து மூன்றாவது மூட்டைக்கான விரிப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். மனைவியின் தங்கை வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம், அங்கே போகிறார்களாம். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் இன்னும் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நாலு வருஷம் முன்னாடி பெரிய வறட்சி வந்துதே. அப்ப சுவரு எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? சூடு தாங்காம நாங்க வாசல்ல கட்டில் போட்டுப் படுத்தோம். சுவத்துல கை வச்சா சுடும். உங்க செடி எல்லாம் கருகி, பீடித் துண்டு மாதிரி சுருண்டு கிடந்துச்சு." அவர் திருப்புளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நீங்கதான் அப்ப வரலயேக்கா. நாலஞ்சு மாசம் ஆளையே காணோம். வேலைய விட்டுட்டீங்க போலன்னு இவகிட்டகூடச் சொன்னேன்."

தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தது இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அது ஒரு விஷயம் என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறார்.

"அப்ப அந்த ரிப்போர்ட்டுல இருக்கிறது?" என்று கேட்டார்.

"நான் எழுதினதுதான் தம்பி."

"வராமலயா?"

"வராமதான்."

அவர் மனைவி ஒரு புடவையை மடித்தபடி அப்படியே நின்றாள். "உங்க வீட்டுக்காரருக்கு முடியாமப் போனது அப்பத்தானே?" என்றாள்.

"ஆமாம்மா."

"ம்..." என்றாள் ஆபரேட்டரின் மனைவி. புடவையின் ஓரத்தை ஓரத்தோடு பொருத்தி நீவினாள். "இருந்தாலும்..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை. மடித்ததை மூட்டையில் வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆபரேட்டர் கழற்றிய கட்டில் காலை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "போய்ச் சொல்லிடுங்கக்கா" என்றார். பிறகு, "சொன்னா உங்க வேல போயிடுமா?" என்றார்.

"தெரியல."

"ஓஹோ" என்றார் அவர், அடுத்த திருகாணியைத் தேடிக்கொண்டே.

மேடத்திடம் சொல்வதற்கு வீட்டில் சொன்ன அளவு நேரம் ஆகவில்லை. நாலே வாக்கியம். மேடம் காலை ஸ்டூலிலிருந்து இறக்கி வைத்தார். வரைபடம் இருந்த பக்கத்தை எடுத்து, அந்த நேர்க்கோட்டின் தொடக்கத்தில் ஒரு விரலையும் முடிவில் ஒரு விரலையும் வைத்தார். மின்விசிறிக் காற்றுக்குத் தாளின் மேல் பாதி படபடத்தது.

"எத்தன மாசம்?"

"அஞ்சு மேடம்."

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

"அத நான் எப்படி நம்புறது?"

பத்தொன்பது வருடத்து நோட்டுகளும் மேடத்தின் பின்னால் இரும்பு அலமாரியில் இருந்தன. மழைக்கு ஊறி உப்பியவை, ஏணியிலிருந்து விழுந்து முதுகு பிய்ந்தவை. எண்ணிய கைதான் எண்ணாமலும் எழுதியது. இரண்டையும் தாளில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மேடமும் அலமாரியைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா உன் தப்பு உன்னோட போயிருக்கும்" என்றார் மேடம். "இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு."

"நான் வேணும்னா நின்னுடறேன் மேடம்."

"நின்னு? உன் இடத்துல யாரு ஏறுவா? நானா?" மேடம் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "உன் வீட்டுக்காரரப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? பழம் வாங்கிட்டு வந்தேன். நீ பெஞ்சுல நோட்ட வச்சிட்டு உக்காந்திருந்த. பாரு, இந்த நிலைமையிலயும் வேலைய விடாம செய்யறாளேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. இவ எப்ப சுவத்துக்குப் போனான்னு ஒரு தடவைகூட எனக்குத் தோணல."

அவளுக்கும் அது ஞாபகம் இருந்தது. மேடம் அன்று நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வாரிய அலுவலகத்தில் இன்ஜினியரின் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். உள்ளே மேடத்துக்கு நாற்காலி கிடைத்தது, அவள் சுவரோரம் நின்றாள். மேடம் எதையும் மறைக்கவில்லை. அந்தக் கோடையில் யாரும் போய் எண்ணவில்லை, அந்த ஐந்து மாதக் கணக்கு கற்பனை, தான் சரிபார்க்கவில்லை, அந்தப் பக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதமாகவே எழுதிக் கொண்டுவந்திருந்தார். இன்ஜினியர் படித்தார். இளவயதுக்காரர்தான், ஆனால் கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. மேசையில் கோப்புகள் அவர் தாடை உயரத்துக்கு இருந்தன.

"யாரு எழுதினது?" என்றார்.

"நான்தான் சார்" என்றாள் அவள்.

"எங்க ஆளுங்க மட்டும்தான் இப்படின்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் அவர். சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்தார். "மேடம், என் நிலைமையப் பாருங்க. நேத்துவரைக்கும் ஒழுகுதுன்னு ஒரு தாள் இருந்துது. இன்னைக்கு அது இல்ல. ஆனா ஒழுகலன்னு சொல்ற தாளும் எங்கிட்ட இல்ல. நாளைக்குச் சுவரு சரிஞ்சு அந்த வீடுங்க மேல விழுந்தா, எதப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்னு எங்கிட்டத்தான் கேப்பாங்க."

"சுவரத் திறந்து பாருங்க" என்றார் மேடம்.

இன்ஜினியர் கோப்புகளை ஓரமாக நகர்த்தினார். "அஞ்சு இடத்துல துளை போடுவோம். ரெண்டடி ஆழம். உள்ள காஞ்சிருந்தா நோட்டீஸ எடுத்துடறேன். ஈரமா இருந்தா யாரு வந்து சொன்னாலும் கேக்கமாட்டேன்."

அடுத்த வாரம் துளைபோடும் இயந்திரம் வந்தது. மேடமும் வந்தார். சுவர்ப் பக்கம் அவர் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, ஆபரேட்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தார். ஆபரேட்டரின் மனைவி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உருவி எடுத்துப் போட்டாள். மேடம் உட்கார்ந்து தலையை அண்ணாந்து சுவரைப் பார்த்தார். "எவ்வளவு வளந்துடுச்சு" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். அவள் சுவரக்காதான் என்றாலும் அன்று அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆறு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, யாரும் திட்டவும் இல்லை.

இயந்திரம் கல்லுக்குள் இறங்கிய சத்தம் பல்லைக் கூசவைத்தது. துளையிலிருந்து வெள்ளைத் தூள் பீறிட்டு வந்து சுவர் முழுக்கப் படிந்தது. முதல் துளையின் தூளைத் தொழிலாளி உள்ளங்கையில் வாங்கி இன்ஜினியரிடம் காட்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவதும். ஐந்தாவது துளை தரைக்குப் பக்கத்தில் போட்டது. அதன் தூள் கொஞ்சம் கட்டிகட்டியாக வந்தது. இன்ஜினியர் அதை விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினார், முகர்ந்தார், ஆபரேட்டரிடம் நீட்டினார். ஆபரேட்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "தரை ஈரமா இருக்கும் சார்" என்றார். "இருக்கலாம்" என்றார் இன்ஜினியர். துளைகளை அடைக்காமல் அப்படியே விட்டு மூன்று நாள் பார்ப்பது, உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்து வருகிறதா என்று ஆபரேட்டரே காலை மாலை குறித்துவைப்பது என்று முடிவாயிற்று. "போய்ப் பாத்துட்டுத்தானே குறிப்பீங்க?" என்று இன்ஜினியர் கேட்டார். கேட்டபோது அவள் பக்கம் பார்க்கவில்லை. பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"மூட்டையப் பிரிக்கவா வேண்டாமா?" என்றாள் ஆபரேட்டரின் மனைவி.

"கட்டினது கட்டினபடி இருக்கட்டும்" என்றார் அவர்.

வெயில் சுவரின் மேல் விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மேடம் கைப்பையைத் திறந்து நோட்டை வெளியே எடுத்தார். இந்த மாதப் பக்கத்தைப் பிரித்தார். பதின்மூன்றாம் கட்டம்வரை அவள் கையெழுத்து, அதற்குக் கீழே வெறும் கோடுகள். பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினார்.

"ஏணிய எடு" என்றார். "நீ பாத்துச் சொல்லு. நான் எழுதறேன்."

அவள் ஏணியை எடுத்து வந்தாள். பதினான்காம் கட்டம் ஏணியின் ஒன்பதாம் படிக்கு நேரே இருந்தது. ஏறியதில் மூச்சு வாங்கியது. இந்த வருடம் அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. சுவர் முழுக்கத் தூள் படிந்து எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. பாசி, கல்யாண வீடு, கிணற்றடிப் பூண்டு, எதற்கும் முகம் இல்லை. முகம் இல்லாவிட்டாலும் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிச் சொன்னாள். கீழே மேடம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"பெரணி?"

"ஏழு மேடம்."

"பச்சையா, சுருண்டதா?"

ஆறுக்கும் சொல்லிவிட்டாள். ஏழாவது ஒரு கல்லின் அடியில், இடுக்குக்குள் பாதி போய் இருந்தது. இலை மேல் தூள் கெட்டியாக அப்பியிருந்தது. போன மாதம் பச்சை. அதற்கு முந்தைய மாதமும் பச்சை. மழை நின்று மூன்று வாரம்தான் ஆகிறது. பச்சையாகத்தான் இருக்கும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஏழாவது?" என்றார் மேடம் கீழேயிருந்து.

"பொறுங்க மேடம். தெரியல."

ஒரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையைக் கல்லில் ஊன்றி, முகத்தை இடுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. மூச்சை இழுத்து மெதுவாக ஊதினாள். தூள் கண்ணில் விழுந்தது. கண்ணை மூடித் திறந்து, நீர் வழிய, இன்னொரு முறை ஊதினாள். கீழே பேனா தாளின் மேல் காத்திருந்தது.